ஸ்கிரீன்ஷாட் விலைக்கு யாரும் வாங்கவில்லை

“சார், இதே காசை நெட்டுல நாலு லட்சம்னு போட்டிருக்கான், நீங்க நாலாயிரம்னு சொல்றீங்களே?” புதுச்சேரியில் பழங்காசுக்கும் தபால்தலைக்கும் விலை சொல்கிறவர்களுக்கு இந்த வசனம் மனப்பாடம். கூடவே செல்போனை நீட்டுவார்கள், உள்ளே ஒரு ஸ்கிரீன்ஷாட். இந்த வாரம் மட்டும் ஐந்து ஸ்கிரீன்ஷாட் ஆகிவிட்டது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

போட்டிருக்கிறான், சரி. யாராவது வாங்கினார்களா?

காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் ஒரு சட்டைக்கு எண்ணூறு சொல்வார்கள். நீங்கள் இருநூறில் ஆரம்பிப்பீர்கள். அந்த எண்ணூறுதான் சட்டையின் விலை என்று வீட்டுக்கு வந்து யாரும் சொல்வதில்லை. அதே ஆள் அதே எண்ணை இணையத்தில் எழுதிவிட்டால் மட்டும் அது எப்படி மதிப்பாகிவிடுகிறது? விளம்பரம் போடுகிறவர் எந்த எண்ணையும் தட்டலாம், கேட்க ஆளில்லை. இன்னொன்றையும் யோசியுங்கள். நியாயமான விலைக்குப் போட்ட காசு இரண்டு நாளில் விற்றுத் தேடலிலிருந்து மறைந்துவிடும். நாலு லட்சம் போட்டது மூன்று வருடமாக அங்கேயே உட்கார்ந்திருக்கும். ஆக, சாதாரணமாகத் தேடும்போது உங்கள் கண்ணில் படுவதில் பெரும்பகுதி விற்காமல் தேங்கிய சரக்குதான். அதைப் பார்த்து விலை வைத்தால் உங்களுடையதும் அந்த வரிசையில் போய் உட்காரும்.

2012-இல் வந்த வைஷ்ணவ தேவி 5 ரூபாய், 10 ரூபாய் காசுகள், 786 என்று எண் முடிகிற நோட்டு, டிராக்டர் படம் போட்ட ஐந்து ரூபாய் நோட்டு எல்லாம் லட்சத்துக்குப் போவதாகச் சுற்றும் வீடியோக்களும் இதே ரகம்தான். “நாங்களே வாங்கிக்கொள்கிறோம், பதிவுக் கட்டணம் மட்டும் அனுப்புங்கள்” என்று யாராவது கேட்டால் போனை வைத்துவிடுங்கள். ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லிக் கமிஷன், வரி என்று பணம் பறிக்கிறார்கள் என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் அறிக்கை விட்டு எச்சரித்தது. விற்கிறவன் முன்பணம் கட்டுகிற வியாபாரம் எந்த ஊரில் இருக்கிறது?

பார்க்க வேண்டியது விற்ற விலை. ‘ஈபே’ என்கிற இணைய ஏலச் சந்தையில் பொருளைத் தேடிவிட்டு, ஃபில்டருக்குள் போய் ‘சோல்டு ஐட்டம்ஸ்’ என்பதைத் தட்டுங்கள். விற்றவை மட்டும் வரும். சுமார் மூன்று மாதக் கணக்கு கிடைக்கும். விற்பனையாளர் கணக்கு இருந்தால், அதற்குள் இருக்கும் ‘டெராபீக்’ என்கிற விலை பார்க்கும் கருவி இன்னும் பழைய விற்பனைகளையும் காட்டும். நம் நாட்டு ஏல நிறுவனங்கள் பலவும் முடிந்த ஏலங்களின் விலையைத் தங்கள் தளத்தில் வெளியிடுகின்றன. இந்தியாவுக்குள் விற்கப்போகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். ஆனால் ஏலத்தில் விழுந்த விலை வேறு, வாங்கியவர் கமிஷனும் ஜிஎஸ்டியும் சேர்த்துக் கட்டிய விலை வேறு. தளத்தில் இருப்பது எது என்று பார்த்துக்கொள்ளுங்கள். விற்றவர் கைக்கு வந்தது இரண்டையும் விடக் குறைவு.

விற்ற விலையிலும் கண்ணி உண்டு. ஈபேயில் விலைமேல் ஒரு கோடு அடித்திருந்தால், பேரம் பேசிக் குறைத்து வாங்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அடித்திருக்கும் எண் கேட்ட விலை, கொடுத்த விலை அங்கே தெரியாது. அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். விற்றதாகக் காட்டிய அதே காசு, அதே படம், அதே ஆளிடம் அடுத்த வாரமே மறுபடி விற்பனைக்கு இருந்தால் ஏலம் கேட்டவர் பணம் கட்டவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். அதையும் தள்ளுங்கள். எத்தனை பேர் ஏலம் கேட்டார்கள் என்று பாருங்கள். பத்துப் பேர் போட்டி போட்டு ஏறிய விலையும், இரண்டு பேர் வீம்புக்கு ஏற்றிய விலையும் ஒன்றாகாது. தபால் செலவு தனியா, உள்ளேயா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

குறைந்தது பத்து விற்பனையாவது எடுத்து, சிறிதிலிருந்து பெரிதாக எழுதுங்கள். ஒரு பேச்சுக்கு: 1400, 1500, 1500, 1650, 1700, 1800, 1800, 1900, 2100, 2200, 9500. இதன் சராசரி 2459. அந்த விலைக்கு மேல் போனது பதினொன்றில் ஒன்றே ஒன்றுதான், அந்த 9500. அது பெரும்பாலும் தரச்சான்று வாங்கிப் பெட்டியில் அடைத்த காசாக இருக்கும். நடுவில் நிற்கிற 1800-ஐ எடுங்கள், அதுதான் உங்கள் எண். பிறகு, ஏலம் முடிந்தும் விற்காமல் திரும்பியவை எத்தனை என்று ‘கம்ப்ளீட்டட் ஐட்டம்ஸ்’ ஃபில்டரில் பாருங்கள். பதினொன்று விற்ற இடத்தில் நாற்பது திரும்பியிருந்தால் 1800-உம் கொஞ்சம் பேராசைதான்.

இத்தனையும், ஒப்பிடுவது உங்கள் பொருளைத்தானா என்பதைப் பொறுத்தது. ஒரு பக்கம் லில்லிப்பூ, மறுபக்கம் ‘புதுச்சேரி’ என்று தமிழில் இருக்கும் பிரெஞ்சுக் காலத்துச் செப்புக்காசு இந்த ஊரில் பல வீடுகளில் கிடக்கிறது. அதிலேயே அளவு வேறு, எடை வேறு, காலம் வேறு. பூ முழுசாக விழுந்ததா, எழுத்து பாதி ஓரத்தில் வெட்டுப்பட்டதா என்பதில் விலை பல மடங்கு மாறும். 0.01 கிராம் காட்டும் சின்னத் தராசு சில நூறு ரூபாய்தான், ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கும்பிட்டுக் கேட்கிறேன், குத்துவிளக்கைத் தேய்ப்பதுபோல் காசைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்க்காதீர்கள். நூறு வருடம் ஏறிய பழுப்புப் படலம்தான் வாங்குகிறவர் பார்ப்பது. பளபளவென்று வந்த காசின் விலையை, தேய்த்து விற்ற காசுகளோடுதான் ஒப்பிட முடியும். அந்த வரிசை எப்போதும் கீழே.

தபால்தலையில் கேட்டலாக் (விலைப்பட்டியல் புத்தகம்) விலையைக் காட்டுவார்கள். அது குறையில்லாத தலைக்குக் கடைக்காரர் வைக்கும் விலை, ஏலத்தில் அதில் ஒரு பங்குதான் வரும். கடற்கரை ஊரின் ஈரத்தில் பசை ஒட்டி, பழுப்புப் புள்ளி விழுந்த தலைக்கு அந்தப் பங்கும் இல்லை. 1923-இல் பிரெஞ்சிந்தியத் தபால்தலைகள் ஃபனோன், காஷ் கணக்குக்கு மாறின (24 காஷ் ஒரு ஃபனோன், 8 ஃபனோன் ஒரு ரூபாய்). பழைய தலைகள்மேலேயே புது மதிப்பை அச்சடித்து விட்டார்கள். 1941-இல் ‘பிரான்ஸ் லிப்ர்’ (சுதந்திர பிரான்ஸ்) என்று மேலச்சு வந்தது. மேலச்சைப் போலியாக அடிப்பது சுலபம். சான்றிதழோடு விற்றதன் விலை சான்றில்லாத தலைக்கு வராது. காரைக்கால், ஏனாம் முத்திரையோடு முழு உறை கிடைத்தால் தலையைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிரிக்க வேண்டாம். உறைக்குத்தான் ஆள் தேடுகிறார்கள்.

பாரிஸில் யூரோவில் விற்ற விலையை ரூபாயாக்கிக் கொண்டுவருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, நூறு வருடத்துக்கு மேற்பட்ட தொல்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. அந்தச் சட்டத்தில் காசும் அடக்கம். மீறினால் சிறை. பழைய மாதிரி இருக்கிற நாற்காலியோ சிலையோ அனுப்புவதானால், தொல்பொருள் அல்ல என்று தொல்லியல் துறையிடம் முதலில் சான்று வாங்க வேண்டும். ஆகவே நூறு வருடம் தாண்டிய காசுக்கு அந்த யூரோ விலை உங்களுக்குக் கிடைக்கவே முடியாத விலை.

நடு எண் கிடைத்ததும் தொடக்க விலை. பத்துப் பேராவது தேடுகிற பொருளாக இருந்தால் நடு எண்ணில் பாதிக்கு ஆரம்பியுங்கள், கூட்டம் ஏற்றிவிடும். ஒருவர் இருவர் மட்டுமே தேடும் பொருளுக்கு அப்படிச் செய்தால் பாதி விலைக்கே போய்விடும். அதற்கு, குறைந்தபட்சம் எவ்வளவு வந்தால் கொடுக்க மனம் வருமோ அதையே தொடக்கமாக வையுங்கள். இரண்டு பக்கமும் பகல் வெளிச்சத்தில் படம் எடுங்கள், எடையை எழுதுங்கள், கீறலை மறைக்காதீர்கள்.