சீனத் தெருவில் கூடுபவர்கள் யாரிடம் கேட்கிறார்கள்?

நாளிதழ் ஒன்றில் வெளிநாட்டுச் செய்திகளைத் தமிழாக்கித் தலைப்பிடுவது என் வேலை. சீன நகரம் ஒன்றில் நூறு பேர் கூடிய வீடியோ வந்துவிட்டால் போதும், 'ஆட்சி ஆட்டம் காண்கிறது' என்று ஒரு தலைப்பும் கூடவே வந்துவிடும். அதைப் பெரும்பாலும் வெட்டிவிடுவேன். 2005இல் மட்டும் 87,000 பொது ஒழுங்குக் குலைவுச் சம்பவங்கள் நடந்ததாகச் சீனப் பொதுப் பாதுகாப்பு அமைச்சகமே கணக்குச் சொன்னது. கட்சி அசையவில்லை. எனவே கூட்டத்தை எண்ணுவதைவிட, கோரிக்கை யாருக்கு எழுதப்பட்டிருக்கிறது என்று பார்ப்பதே எனக்குப் பயன்பட்டிருக்கிறது.

குவாங்டாங் மாகாணத்து வூக்கான் கிராமத்தை எடுத்துக்கொள்வோம் (கொரோனாவால் நாமறிந்த வூஹான் வேறு). பொது நிலத்தை உள்ளூர் அதிகாரிகள் விற்றுவிட்டார்கள் என்று 2011 செப்டம்பரில் மக்கள் கொதித்தெழுந்தனர். டிசம்பரில் அவர்களுடைய பிரதிநிதி ஒருவர் காவலில் இறந்தார். கிராமம் அதிகாரிகளை விரட்டியது. போலீஸ் கிராமத்தைச் சூழ்ந்துகொண்டது. அந்த நிலையிலும், 'கட்சியை ஆதரிக்கிறோம், மத்திய அரசு எங்களைக் காப்பாற்ற வேண்டும்' என்பதே அவர்கள் பேச்சு. மன்னர் நல்லவர், மணியக்காரர்தான் கெட்டவர் என்ற பழைய நம்பிக்கையின் சாயல் இதில் உண்டு. ஆனால் கேட்டது கருணையை அல்ல. நில விற்பனைக் கணக்கையும் முறையான தேர்தலையும். 2012 மார்ச்சில் ரகசிய வாக்கெடுப்பு நடந்தது. அதில் வென்ற லின் சூலுவான் 2016இல் லஞ்ச வழக்கில் சிறைக்குப் போனார். நிலமோ பெருமளவில் திரும்பவில்லை.

இத்தகைய சண்டைகளின் வேர் 1994 வரிச் சீர்திருத்தத்தில் இருக்கிறது. வருவாயில் பெரும்பங்கு பெய்ஜிங்குக்குப் போக, செலவு உள்ளூர் அரசுகளின் தலையில் நின்றது. அவை நிலத்தை விற்றுப் பிழைக்கக் கற்றுக்கொண்டன.

நகர்ப்புற நடுத்தர வர்க்கம் வேறு வழி கண்டது. 2007 ஜூனில் சியாமென் மக்கள் ரசாயன ஆலை ஒன்றுக்கு எதிராகக் குறுஞ்செய்தியால் திரண்டு, ஊர்வலத்துக்கு அனுமதி கிடைக்காது என்பதால் 'உலாவ வந்தோம்' என்றார்கள். ஆலை அண்டை நகரான சாங்சோவுக்கு நகர்ந்தது. 2015இல் அங்கே வெடித்துத் தீப்பிடித்தது.

2022இல் ஹெனான் மாகாணத்தில் முடங்கிய சேமிப்பைக் கேட்ட வங்கி வாடிக்கையாளர்களின் கொரோனா சுகாதாரக் குறியீடு திடீரெனச் சிவப்பானது, அவர்கள் பயணம் செய்ய முடியாதபடி. ஆத்திரம் நாடெங்கும் பரவ, பொறுப்பான அதிகாரிகள் தண்டிக்கப்பட்டனர். பிறகு பணமும் தவணையாக வரத் தொடங்கியது. இதுவும் உள்ளூர்க் கணக்குத்தான்.

அதே ஆண்டு நவம்பர் வேறு ரகம். சின்ஜியாங் பகுதியின் உரும்சி நகரில் அடுக்குமாடித் தீயில் பத்துப் பேர் இறந்ததும், கொரோனா ஊரடங்கே மீட்பைத் தடுத்தது என்ற கோபத்தில், ஷாங்காய், பெய்ஜிங் உள்ளிட்ட நகரங்களில் இளைஞர்கள் தணிக்கையைக் குத்திக்காட்ட வெற்றுத்தாள் ஏந்தி நின்றார்கள். ஷாங்காயில் ஷி ஜின்பிங் பதவி விலக வேண்டும் என்ற முழக்கமும் எழுந்தது. கோபம் மணியக்காரரைத் தாண்டிவிட்டது. அன்று மட்டும் பரபரப்பான தலைப்பை நான் வெட்டவில்லை. டிசம்பர் 7இல் கொரோனா கட்டுப்பாடுகள் தளர்ந்தன. தாள் ஏந்தியவர்களில் சிலரைப் போலீஸ் தேடிப்பிடித்துக் காவலில் வைத்தது. முதல் செய்தி உலகெங்கும் முதல் பக்கத்தில் வந்தது. இரண்டாவதைத் தேடித்தான் படிக்க வேண்டியிருந்தது.