பூவைத் தலையில் வைக்கலாம், வாயில் வைக்கலாமா?

மாசி, பங்குனி வெயிலில் மண் வெடிக்கக் காய்ந்த பிறகு இரண்டு மழை விழுந்தால் போதும், எங்கள் மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்து மரங்களெல்லாம் பூத்துத் தள்ளிவிடும். ரப்பர் இலை உதிர்த்துத் துளிர்க்கிற சமயமும் இதுதான். சாலையோரத்து அங்சானா ஒரே நாளில் பூத்து மறுநாளே கொட்டித் தார் ரோட்டை மஞ்சளாக்கும். தெக்கோமா ரோஸ் நிறத்தில் பூத்தால், மலேசியாவின் சகுரா என்று படம் பிடிக்கக் கூட்டம் நிற்கும். சரக்கொன்றை சித்திரையை ஒட்டித் தொங்கும். வருடம் முழுக்கப் பூக்கிற அரளிக்கும் இந்த வெயில் ரொம்பப் பிடிக்கும்.

இதே பருவத்தில் கிளினிக்குக்கு ஒரு கேள்வியும் வந்துவிடும். "டாக்டர், பையன் பூவத் தின்னுட்டான், ஒண்ணும் ஆகாதே?" என்ன பூ என்று திருப்பிக் கேட்டால், "வாசல்ல இருக்கே, அதுதான்" என்பார்கள். வாசலில் இருப்பது இட்லிப்பூவா, அரளியா என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

இட்லிப்பூவை, அதாவது வெட்சியைச் சொல்லக் காரணம் உண்டு. ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்கள் யாரும் அதன் நடு நரம்பை மெல்ல இழுத்து, நுனியில் நிற்கும் தேன்துளியை உறிஞ்சாமல் வளர்ந்திருக்க மாட்டார்கள். நம் பிள்ளைகளுக்கும் நாமே சொல்லிக் கொடுக்கிறோம். இட்லிப்பூவால் கெடுதல் இல்லை. ஆனால் நான்கு வயதுப் பிள்ளைக்கு 'பூவில் தேன் இருக்கும்' என்பது மட்டும்தான் மனதில் பதியும். அடுத்த தடவை அது கை வைப்பது பக்கத்திலேயே நிற்கும் அரளியிலோ அலமண்டாவிலோ இருக்கலாம். அதனால் தேன் உறிஞ்சக் கற்றுக் கொடுக்கும்போதே, "இந்தச் செடி மட்டும்தான், மற்றது வேண்டாம், பாட்டியைக் கேட்காமல் எதையும் வாயில் வைக்காதே" என்று சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

அரளியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். செவ்வரளி, வெள்ளரளி, மஞ்சள் அரளி எல்லாவற்றிலும் இலை, பூ, பட்டை, வேர், விதை என்று நஞ்சு இல்லாத பாகமே கிடையாது. காய வைத்தாலும் போகாது, கொதிக்க வைத்தாலும் போகாது. இதய நோயாளிகளுக்கு நாங்கள் கொடுக்கும் டிஜாக்சின் மாத்திரை வேலை செய்கிற அதே இடத்தில்தான் இந்த நஞ்சும் வேலை செய்கிறது. இதயத் தசையின் உயிரணுக்களில் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் மாற்றி மாற்றித் தள்ளும் ஒரு பம்ப் இருக்கிறது. அதை இது நிறுத்துகிறது. முதலில் வயிற்று வலி, வாந்தி, பேதி. அப்புறம் நாடி மெதுவாகும், துடிப்பு தாறுமாறாகும், இரத்தத்தில் பொட்டாசியம் ஏறும். மோசம் என்னவென்றால், வாந்தி எடுத்த பிள்ளை சற்று நேரத்தில் தெளிவாக உட்கார்ந்திருக்கும். நாமும் "சரியாகிவிட்டது" என்று இருந்துவிடுவோம். இதயத்தில் கோளாறு அதற்கும் பல மணி நேரம் கழித்து வரலாம். பிள்ளை அரளியை மென்றது உறுதி என்றால், பார்க்க நன்றாக இருந்தாலும் ஆஸ்பத்திரியில் இசிஜி மெஷினில் வைத்துக் கவனிக்கத்தான் வேண்டும். என் மாதிரி சின்ன கிளினிக்கில் இதற்கு வசதி கிடையாது. நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

வாயில் மிச்சம் இருப்பதை விரலால் எடுத்துவிட்டு, தண்ணீர் விட்டுக் கொப்பளிக்கச் சொல்லுங்கள். செடியில் ஒரு கொத்தை இலையும் பூவுமாக ஒடித்து பிளாஸ்டிக் பையில் போட்டுக் கையோடு கொண்டு வாருங்கள். கைப்பேசியில் படம் எடுத்தாலும் சரி. தொண்டையில் விரல் விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீர், புளித் தண்ணீர், பச்சை முட்டை எதுவும் வேண்டாம். இளநீர் கொடுப்பதை இன்னும் கண்டிப்பாகத் தவிருங்கள். அதில் பொட்டாசியம் அதிகம், நஞ்சு ஏற்கெனவே ஏற்றிக்கொண்டிருப்பதும் அதைத்தான். ஆஸ்பத்திரியில் கரி கொடுப்பார்களாம் என்று கேள்விப்பட்டு அடுப்புக் கரியை இடித்துக் கரைத்துக் கொடுப்பவர்களும் உண்டு. அது வேறு, இது வேறு. ஆஸ்பத்திரிக் கரி அதற்கென்றே தயாரித்த மருந்து.

டிஜாக்சினுக்கு எதிராகச் செய்த முறிவு மருந்து மஞ்சள் அரளி நஞ்சுக்கும் வேலை செய்யும் என்பதை 2000-ல் வெளிவந்த இலங்கை ஆய்வு காட்டியது. ஆனால் விலை கூடிய மருந்து, எல்லா இடத்திலும் கையிருப்பில் இருக்காது. சந்தேகம் என்றால் பினாங்கில் யூனிவர்சிட்டி சயின்ஸ் மலேசியாவில் 1994 முதல் இயங்கும் தேசிய நச்சு மையத்தை, அதாவது புசாட் ராச்சுன் நெகாராவைக் கேட்கலாம். எண் 1-800-88-8099. பிள்ளை மயங்கினாலோ மூச்சு திணறினாலோ அங்கே பேசிக்கொண்டிருக்காமல் அவசர எண் 999-ஐ அழையுங்கள்.

கோயில் விஷயத்தைத் தொட்டால் சிலருக்குக் கோபம் வரும், இருந்தாலும் சொல்கிறேன். அம்மனுக்குச் செவ்வரளி மாலை போடுங்கள், அர்ச்சனை செய்யுங்கள், ஆட்சேபணையே இல்லை. ஆனால் தீர்த்தச் செம்பிலும் பிரசாதத் தட்டிலும் அரளி விழ வேண்டாம். கேரளாவில் திருவிதாங்கூர் தேவசம் போர்டு 2024 மே மாதம் இதைத்தான் செய்தது. நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளியை நிறுத்தித் துளசி, வெட்சி போன்றவற்றுக்கு மாறியது. நம் தோட்டத்து மாரியம்மன் கோயில்களிலும் இதைச் செய்ய யாரும் செலவு பண்ண வேண்டியதில்லை.

மூட்டு வலிக்கு அரளி வேர், அரிப்புக்கு அரளி இலை என்று வாட்ஸ்அப்பில் வருவதை வாய்வழி மருந்தாக எடுக்கவே எடுக்காதீர்கள். வீட்டில் பெரியவர்கள் டிஜாக்சின் சாப்பிடுகிறார்கள் என்றால் ஆபத்து இரட்டிப்பு. வெட்டிய அரளிக் கிளையை ஆடு மாடு மேயும் இடத்தில் போடாதீர்கள். பச்சையில் ஒதுக்குகிற ஆடும் காய்ந்த பிறகு தின்றுவிடும். எரிக்கவும் கூடாது. புகை நெஞ்சை அரிக்கும், திறந்த வெளியில் எரிப்பது சட்டப்படி குற்றமும்கூட.

தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டு வாசல்களில் இப்போது கெம்போஜா ஜெப்பூன் தொட்டிதான் அழகு. அடி பருத்து, ரோஸ் நிறப் பூவோடு நிற்கும் அந்தச் செடியும் அரளிக் குடும்பம்தான், அதே மாதிரி நஞ்சுதான். புள்ளி போட்ட பெரிய இலையோடு நிழலில் வளரும் டிஃபன்பேக்கியாவைக் கடித்தால் நாக்கு நெருப்பாக எரிந்து வீங்கும். குளிர்ந்த தண்ணீரோ பாலோ கொடுக்கலாம், ஆனால் எச்சில் விழுங்க முடியாவிட்டால் உடனே ஓடுங்கள். பிள்ளையாருக்குக் கண் வைக்கிற குன்றிமணியை அப்படியே விழுங்கினால் பெரும்பாலும் வெளியே வந்துவிடும், கடித்திருந்தால் கதை வேறு. செம்பருத்தி, சங்குப்பூ பற்றி ஒரு பயமும் வேண்டாம். சங்குப்பூவில்தான் நாசி கெராபு சோறே நீலமாகிறது.

இதையெல்லாம் படித்துவிட்டு நாளைக்கே கோடாரியைத் தூக்காதீர்கள். தவழுகிற, நடக்கத் தொடங்குகிற பிள்ளை இருக்கிற வீட்டில் அரளியை வேலிக்கு அந்தப் பக்கம் வையுங்கள், உதிரும் மஞ்சள் அரளிக் காயைத் தினமும் பெருக்குங்கள். கூட்டாஞ்சோறு விளையாட்டில் அந்தப் பச்சைக் காய்தான் முதலில் சட்டியில் விழும்.

கத்தரிக்கும்போது கையுறை போடுங்கள், முடித்ததும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். குறிப்பாக ஊமத்தையையும், தலைகீழாகத் தொங்கும் எக்காளப் பூச் செடியையும் தொட்ட கையோடு கண்ணைக் கசக்கினால், அந்த ஒரு கண்ணின் பாப்பா மட்டும் விரிந்து பார்வை மங்கும். வலி இருக்காது. கண்ணாடியில் பார்ப்பவர் பக்கவாதமோ என்று நடுங்குவார், டாக்டரும் தலை ஸ்கேனுக்கு எழுதத்தான் யோசிப்பார். பக்கவாதம் இல்லை என்று உறுதி செய்யப் போகத்தான் வேண்டும். போனதும், காலையில் என்ன செடி வெட்டினீர்கள் என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லிவிடுங்கள்.