பருத் தடம் போக முகத்தை வெளுக்காதீர்கள்

பரு ஆறிய இடத்தில் கறுப்பாக ஒரு தடம். "முகம் ஏன்டி இப்படி ஆயிடுச்சு?" என்று வீட்டில் ஒருவர் கேட்கிறார். மறுநாளே மெடிக்கல் ஷாப்பில் முகத்தை வெளுக்கவைக்கும் கிரீம் ஒரு டியூப். சில மாதம் கழித்து முகம் சிவந்து, தோல் மெலிந்து, முன்பைவிட அதிகப் பருவோடு எங்களிடம் வருகிறார்கள். தோல் மருத்துவர்கள் நாங்கள் இதைச் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டோம். இன்னும் நிற்கவில்லை.

மாநிற, கறுப்புத் தோலில் பரு ஆறும்போது நிறமி கூடுதலாகப் படியும். அதுதான் இந்தத் தடம். விரலால் தடவினால் மேடு பள்ளம் தெரியாது. பெரும்பாலும் சில மாதங்களில் மங்கும். ஆழமாகப் படிந்தது ஒரு வருடத்துக்கு மேலும் இருக்கும். குழிகளும், தாடையிலும் மார்பிலும் தடித்து எழும் கெலாய்டும்தான் நிரந்தரத் தழும்பு. குழியை எந்தக் கிரீமும் நிரப்பாது. "கூடவே கொஞ்சம் கலரும் வருமா டாக்டர்?" என்று கேட்காதீர்கள், அதுவும் பிள்ளையை வைத்துக்கொண்டு. சிகிச்சை தடத்துக்கு. பிறவி நிறம் நோய் அல்ல. அதற்கு மருந்து கேட்கும்போது, பரு மாறினாலும் தன் முகம் போதாது என்றுதான் அந்தப் பெண் புரிந்துகொள்கிறாள்.

டியூபின் பின்பக்கம் படியுங்கள். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்றிருந்தால் அது ஸ்டீராய்டு. முதல் வாரம் முகம் பளிச்சென்று ஆவதால்தான் ஏமாறுகிறார்கள். நிறுத்தினால் எரிச்சலும் பருவும் பொங்கும், பயந்து மறுபடி பூசுவார்கள். தோலில் பூசும் ஸ்டீராய்டுகள் பலவற்றைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று 2018இல் மத்திய அரசு அறிவித்தது. கேட்டால் இன்றும் கிடைக்கிறது. ஏற்கெனவே பூசுபவர்கள் டியூபையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் வாருங்கள்.

மனவேதனை பருக்களின் எண்ணிக்கையைப் பொறுத்ததல்ல. நாலே தடம் உள்ள பையன் கல்லூரிக்குப் போவதை நிறுத்தியிருப்பான். போட்டோவில் பின்வரிசை, தடமுள்ள கன்னம் சுவர்ப்பக்கம் இருக்கும்படி உட்காருவது, காம்பேக்ட் பவுடர் பூசாமல் தெருமுனைக் கடைக்குக்கூடப் போகாதது, சொந்தக்காரர் கல்யாணத்தன்று தலைவலி என்று படுத்துக்கொள்வது. இரவில் கண்ணாடி முன் நின்று கிள்ளுவதும் உண்டு. ஒவ்வொரு கிள்ளலும் புதுத் தடம். ஆண் பிள்ளைகள் வாய் திறப்பதே இல்லை. இளம் மருத்துவர்களுக்கு ஒரு வார்த்தை: "முகத்தை நினைத்து எங்கேயாவது போகாமல் இருந்தீர்களா?" என்று கட்டாயம் கேளுங்கள்.

பரு நிற்காமல் தடம் நிற்காது. பருவுக்குப் பூசும் மருந்து அடாபலீன் 0.1% ஜெல், பட்டாணி அளவு, இரவில், முகம் முழுக்க மெல்லிசாக. பருவின் மேல் மட்டும் பொட்டு வைப்பது வீண். முதல் 2 வாரம் ஒன்றுவிட்டு ஒரு நாள். அவசரப்பட்டால் எரியும், அந்த எரிச்சலே தடமாகும். பலன் தெரிய 8 முதல் 12 வாரம். கர்ப்பிணிகளுக்கும் கர்ப்பத்துக்குத் தயாராகிறவர்களுக்கும் இது வேண்டாம். அவர்கள் அதற்குப் பதிலாக அசலாயிக் அமிலம் என்ற பூச்சு மருந்தைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். பகலில் எஸ்பிஎஃப் (வெயில் காப்பு அளவு) 30க்குக் குறையாத சன்ஸ்கிரீன், இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கி எடுத்து. இரும்பு ஆக்சைடு கலந்த, நிறமுள்ள வகை நம் தோலுக்கு நல்லது. கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் தடத்தைக் கறுக்கவைக்கும், அதை இந்த வகை ஓரளவு தடுக்கும். எலுமிச்சை, பேக்கிங் சோடா, டூத்பேஸ்ட் கூடவே கூடாது. லேசரும், மருந்து பூசி மேல்தோலை உரிக்கும் பீலிங்கும் கறுப்புத் தோலில் பழகிய தோல் மருத்துவரிடம் மட்டும், பார்லரில் வேண்டாம்.

பெரியம்மாக்களே, சித்திகளே, பிள்ளையைப் பார்த்ததும் முகத்தைப் பற்றிப் பேசாதீர்கள். வைத்தியமும் சொல்லாதீர்கள், அக்கா முகத்தோடும் ஒப்பிடாதீர்கள். வெளியே போக மறுத்தாலோ, தூக்கமும் சாப்பாடும் குறைந்தாலோ தோல் மருத்துவரோடு மனநல மருத்துவரையும் பாருங்கள். சாக வேண்டும் என்ற பேச்சு வந்தால் தனியாக விடாதீர்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416இல் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.