டாவுன் பாயோங்: ஆழமான பாலிபேக் ஏன் வேண்டும்?

நெகிரி செம்பிலானின் பகாவ் வட்டாரத்தில் செம்பனை (எண்ணெய்ப்பனை) நாற்று போட்டுப் பழகியவர்கள்கூட டாவுன் பாயோங் என்ற காட்டுப் பனையின் விதையில் ஏமாந்துபோவார்கள். காரணம், அது முளைக்கும் விதம். தென்னையிலும் செம்பனையிலும் முளை விதையை ஒட்டியே தலைநீட்டும். ஜொஹானஸ்தைஸ்மானியா என்ற இந்தப் பனையில் விதையிலிருந்து வெள்ளைக் குழாய் ஒன்று கீழ்நோக்கி இறங்கும். வேர் என்றுதான் தோன்றும். உண்மையில் அது வித்திலையின் காம்பு. குருத்து அதன் நுனிக்குள் இருக்கிறது. விதையை விட்டுத் தள்ளி மண்ணுக்குள் போன பிறகே அங்கிருந்து வேர் கீழேயும் இலை மேலேயும் புறப்படும். வேர் விட்டதா என்று விரலால் கிளறும்போது அந்த நுனி ஒடிந்தால் விதை போயிற்று, மறுமுளை கிடையாது.

விதை காயவே கூடாது. பழத்தின் கரடுமுரடான தக்கைத் தோலை உரித்து, தினமும் தண்ணீர் மாற்றி இரண்டு நாள் ஊறவையுங்கள். தேங்காய்நார்த் துகளும் ஆற்று மணலும் சரிபாதி. கலவையைப் பிழிந்தால் ஓரிரு சொட்டுக்கு மேல் வடியக் கூடாது. அதிகமானால் விதை அழுகும். அந்தக் குழாய் கீழே இறங்க இடம் வேண்டும் என்பதால், 30 செ.மீ. ஆழப் பாலிபேக்கில் (பிளாஸ்டிக் நாற்றுப் பையில்) பைக்கு ஒரு விதை, விரல்கணு ஆழத்தில். தட்டில் கூட்டமாக முளைக்கவிட்டுப் பிறகு பிரித்து நடும் பழக்கம் இதற்கு ஆகாது. முளைக்க மூன்று மாதமும் ஆகும், ஒரு வருடமும் ஆகும். முதலில் குறுகிய இலைதான் வரும். வைர வடிவ இலையைப் பார்க்கப் பல வருடம் பொறுக்க வேண்டும்.

இருக்கும் நான்கு இனங்களில் அழகி, இலையடியில் வெள்ளி பூசிய மேக்னிஃபிகா. ஜான் டிரான்ஸ்ஃபீல்ட் 1972-இல் பெயரிட்ட இது தீபகற்ப மலேசியாவுக்கே உரியது; நெகிரி செம்பிலான் காடுகளிலும் உண்டு. பிளவுபடாத இந்த அகல இலை, அடர்காட்டின் மங்கிய வெளிச்சத்தைப் பிடிக்க ஏற்றது. மாலை வெயில் பட்டால் கருகும், காற்றில் கிழியும். ரம்புத்தான் மரத்தடி சரியான இடம். இல்லையென்றால் வீட்டின் கிழக்குப் பக்கம், 70–80 சதவீத நிழல்வலைக்குக் கீழே.

இலைகள் புனலாக விரிந்து, மேலிருந்து விழும் சருகை அடியில் சேர்க்கும். அது மக்கி வேருக்கு உணவாகும். தினமும் பெருக்குகிறவர்கள் செடியின் சாப்பாட்டைத்தான் கூட்டித் தள்ளுகிறார்கள். அதற்காகச் செம்பனை ஆலையில் பழம் உதிர்த்த பின் மிஞ்சும் வெறுங்குலையைக் கொண்டுவந்து குவிக்காதீர்கள். மக்கும் குலையிலும், மறுநடவுக்குச் சாய்த்த தண்டுகளிலும் காண்டாமிருக வண்டு முட்டையிடும். வளர்ந்த வண்டு பனைகளின் குருத்தைத் துளைக்கும். தண்டுக்கு வளர்நுனி ஒன்றே ஒன்று. அது போனால் பக்கக் கிளை வந்து காப்பாற்றாது.

முதிர்ந்த இலையில் ஆரஞ்சுப் புள்ளிகளும் நுனிக்கருகலும் தெரிந்தால் பொட்டாசியம் குறைவு. அசிங்கமாக இருக்கிறதென்று வெட்டாதீர்கள். புது இலைக்கான பொட்டாசியத்தைச் செடி அதிலிருந்துதான் உறிஞ்சுகிறது. மெதுவாகக் கரையும் உரத்தைக் கொஞ்சமாகத் தூவுங்கள். எஸ்டேட் உரத்தைக் கைப்பிடி அள்ளிப் போட்டால் வேர் வெந்துவிடும்.

வாங்கும்போது நர்சரியில் விதையிட்டு வளர்த்த கன்றா என்று கேளுங்கள். காட்டில் பிடுங்கியது பெரிதாக இருக்கும், விலையும் மலிவாகச் சொல்வார்கள். ஆனால் வேர் அறுந்திருக்கும். இருக்கும் இலைகள் கொஞ்ச காலம் பச்சையாகவே நின்று வாங்கியவரை நம்பவைக்கும், அடுத்த குருத்து மட்டும் வராது.