இம்ப்ளான்ட்: உள்வைப்பா, பதியமா?

பல் கிளினிக் போர்டு முதல் நாளிதழ் வரை ‘இம்ப்ளான்ட்’ என்றே எழுதுகிறோம். லத்தீனில் ‘பிளான்டாரே’ என்றால் நடுதல். முன்னால் ‘இன்’ சேர்ந்தால் உள்ளே நடுதல். தமிழில் ‘உள்வைப்பு’ என்ற சொல் ஓரளவு புழக்கத்துக்கு வந்துவிட்டது. ஆகவே பிரெஸ்ட் இம்ப்ளான்ட், மார்பக உள்வைப்பு.

‘ஆக்மென்டேஷன்’ என்பதை மார்பகப் பெருக்கம் என்று எழுதுவது எனக்கு ஒப்பவில்லை. பெருக்கம் தானாக நடப்பது. இது ஒருவர் கத்தி எடுத்துச் செய்வது. மார்பகப் பெரிதாக்கல் என்றால் குழப்பமில்லை.

அப்புறம் ‘சிலிக்கான் மார்பகம்’ என்ற பிழை. சிலிக்கான் என்பது மணலிலும் கணினிச் சில்லிலும் இருக்கும் தனிமம். உள்வைப்பில் இருப்பது சிலிகோன்: சிலிக்கான், ஆக்சிஜன் அணுக்கள் மாறிமாறிக் கோத்த சங்கிலியில் கரிமத் தொகுதிகள் ஒட்டிய செயற்கைப் பொருள்.

சிலிகோன் ஜெல் உள்வைப்பை முதலில் பொருத்திக்கொண்டவர் அமெரிக்காவின் ஹூஸ்டனைச் சேர்ந்த டிம்மி ஜீன் லிண்ட்சி. ஆண்டு 1962, மருத்துவர்கள் தாமஸ் குரோனின், ஃபிராங்க் ஜெரோ. லிண்ட்சி மருத்துவமனைக்குப் போனதோ மார்பில் குத்திய பச்சையை அழிக்க. புதிய அறுவைக்கு ஆள் தேடிய மருத்துவர்கள் கேட்டபோது, காதைத் திருத்தித் தந்தால் தேவலை என்றாராம். சரி, இரண்டும் நடந்தது.

‘உள்ளே நடுதல்’ என்ற பொருள் இந்த ஜெல் பைக்குப் பொருந்துமா? நட்டது வேர்விட வேண்டுமே! இங்கே உடல் பையை அந்நியப் பொருளாக எண்ணிச் சுற்றிலும் தழும்புத் திசுவால் உறை கட்டுகிறது. உறை இறுகினால் மார்பு கல்லாகி வலிக்கும். பை கிழியவும் செய்யலாம். ஆயுளுக்கும் தாங்கும் பொருளல்ல என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமே சொல்கிறது. அழகுக்காக ஜெல் பை வைப்பதை 1992இல் நிறுத்திவைத்து, 2006இல்தான் மீண்டும் அனுமதித்தது. 2010இல் பிரான்ஸின் பிஐபி நிறுவனம் மருத்துவத் தரமில்லாத, தொழிற்சாலைச் சிலிகோனை அடைத்து விற்றது அம்பலமானது. 2019இல், அரிய நிணநீர்ப் புற்றுநோய்த் தொடர்பால், அலர்கன் நிறுவனம் தன் சொரசொரப்பு மேற்பரப்பு உள்வைப்புகளை உலகெங்கும் திரும்பப் பெற்றது.

அடுத்து வரக்கூடியது வேறு வகை. உடலில் மெல்லக் கரையும் பாலிமரில், முப்பரிமாண அச்சு முறையில், ஓட்டைகள் நிறைந்த சட்டகம் செய்கிறார்கள். நோயாளியின் வயிற்றிலோ தொடையிலோ எடுத்த கொழுப்பை அதில் செலுத்துகிறார்கள். ரத்த நாளங்கள் உள்ளே ஊடுருவ, சட்டகம் கரைய, சொந்தத் திசு மிஞ்ச வேண்டும் என்பது கணக்கு. ஜெர்மனியின் பெல்லாசெனோ நிறுவனம் ஆஸ்திரேலியாவில் இதை மனிதர்களிடம் சோதித்திருக்கிறது.

மல்லிகைக் கொடியை வளைத்து மண்ணில் புதைத்து வேர்விடச் செய்வதைப் பதியம் போடுதல் என்போம். திசு பிடித்து வளரும் இந்தச் சட்டகத்துக்குப் ‘பதியம்’ என்ற சொல்லை ஒதுக்கலாம் என்பது என் யோசனை. ஜெல் பைக்கு உள்வைப்பே போதும். அதை வெளியே எடுக்கும் ‘எக்ஸ்பிளான்ட்’ அறுவைக்கு உள்வைப்பு நீக்கம்.