மீநுண் உரம்

உரக்கடைகளில் அரை லிட்டர் பாட்டிலில் கிடைக்கும், இலையில் தெளிக்கும் திரவ உரமான நானோ யூரியாவின் பெயரில் முன்பாதி கிரேக்கம். 'நானோஸ்' என்றால் குள்ளன். 1960இல் பன்னாட்டு அலகு முறை அதை முன்னொட்டாக ஏற்று, நூறு கோடியில் ஒரு பங்கு என்று பொருள் வகுத்தது.

நானோ உரத்தைத் தமிழில் 'நுண்ணுரம்' என்று எழுதுவது சரியல்ல. துத்தநாகமும் போரானும் தருவதை ஏற்கெனவே நுண்ணூட்ட உரம் என்கிறோம். அசோஸ்பைரில்லம், ரைசோபியம் போன்றவை நுண்ணுயிர் உரம். மூன்றாவதாக இன்னொரு 'நுண்' வந்தால் கடையில் கேட்பவரும் குழம்புவார், கொடுப்பவரும் குழம்புவார். 'மீநுண் உரம்' பொருந்தும். பேச்சில் நானோ உரம் என்றே இருக்கட்டும்.

உரம் என்பதற்குப் பழைய பொருள் வலிமை. 'உரம் பாய்ந்த உடம்பு' என்று இன்றும் சொல்கிறோம். நிலத்துக்கு இடுவதைக் குறள் 'எரு' என்றே சொல்கிறது: 'ஏரினும் நன்றால் எருவிடுதல்'. இன்று எரு பெரும்பாலும் தொழுவத்தோடு நின்றுவிட, மூட்டையில் வருவதும் பாட்டிலில் வருவதும் உரமாகிவிட்டன.

ஒரு பாட்டில் ஒரு மூட்டை யூரியாவுக்கு ஈடு என்பது விளம்பரம். பாட்டிலுக்கு அந்தப் பெயருக்கேற்ற வலு உண்டா என்று கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். 45 கிலோ யூரியா மூட்டையில் 46 சதவீதம் தழைச்சத்து (நைட்ரஜன்), அதாவது 20 கிலோவுக்கு மேல். 2021இல் வந்த நானோ யூரியாவில் 4 சதவீதம். பாட்டிலுக்கு 20 கிராம். பின்னர் 20 சதவீதமாக உயர்த்தியும் 100 கிராம்தான். இலை அத்தனையையும் உறிஞ்சினாலும் மூட்டைக்கு ஈடாகாது. பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகச் சோதனையில், யூரியாவைக் குறைத்து இதைத் தெளித்தபோது நெல்லிலும் கோதுமையிலும் விளைச்சல் குறைந்தது. ஆகவே இது நடவுக்கு முன் மண்ணில் இடும் அடியுரமும் அல்ல, பயிர் வளரும்போது இடும் மேலுரத்துக்கு மாற்றும் அல்ல, இலைவழி ஊட்டம்.

இதற்குரிய இடத்தைக் காட்டும் சொல் 'ஒருங்கிணைந்த ஊட்டச்சத்து மேலாண்மை'. 'ஒருங்கிணைந்த உர நிர்வாகம்' என்றும் சொல்வதுண்டு. நீளமானாலும் முன்னதே சரி, ஏனென்றால் பயிருக்குக் கிடைக்கும் சத்தெல்லாம் நாம் இடும் உரமல்ல. காவிரிப் படுகையின் பயிர்ச்சுழற்சியைப் பாருங்கள். நடவுக்கு முன் பசுந்தாள் உரச் செடியான தக்கைப்பூண்டை விதைத்து, பூக்கும் தருணத்தில் மடக்கி உழுகிறார்கள். சம்பாவுக்கு மண் பரிசோதனைப்படி அடியுரமும் மேலுரமும். அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே ஈர மண்ணில் உளுந்து தெளிக்கிறார்கள். அதன் வேர் முடிச்சுகள் காற்றிலிருந்து பிடித்துக்கொள்ளும் தழைச்சத்தை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

அந்த நெல் தரிசு உளுந்துக்கு உழவில்லை, அடியுரமும் இல்லை. அதனால்தான் பூக்கும்போது ஒரு முறையும் பதினைந்து நாள் கழித்து மறுமுறையும் 2 சதவீத டி.ஏ.பி. (டை அம்மோனியம் பாஸ்பேட் உரம்) கரைசல் தெளிக்கிறார்கள்: ஏக்கருக்கு 4 கிலோவை முதல்நாள் இரவே ஊறவைத்து, தெளிந்த நீரை இறுத்து, 200 லிட்டராக்குவார்கள். இலைவழி ஊட்டமே வழக்கமாகிவிட்ட இந்த வயலில்தான் நானோ டி.ஏ.பி.யைச் சோதிப்பது நியாயம். ஒரு பகுதியில் பழைய கரைசலையும் மறுபகுதியில் நானோவையும் தெளித்து, செடிக்கு எத்தனை காய் என்று எண்ணிப் பார்க்கலாம்.