"கேட்ல இடிச்சுக்கிட்டேன் டாக்டர்"

நடுவிரல் மூட்டின் மேல் அரை சென்டிமீட்டர்கூட இல்லாத ஒரு கீறல். ஆனால் புறங்கை முழுக்க வீங்கி, சிவந்து பளபளத்தது. வந்தவருக்கு இருபத்திரண்டு வயதிருக்கும். அடிபட்டு நான்கு நாள். மெடிக்கல் ஷாப்பில் ஏதோ மாத்திரை வாங்கிப் போட்டிருக்கிறார். கேட்டில் இடித்துக்கொண்டதாகச் சொன்னார். "கையை மடக்குங்க தம்பி" என்றேன். பாதிதான் மடங்கியது. அம்மாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, "யாரோட பல்லு?" என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டார்.

கை அறுவை சிகிச்சை செய்கிறவர்களுக்கு இந்த 'கேட்' ரொம்பப் பழக்கம்.

முஷ்டியை மடக்கும்போது விரல்மூட்டின் மேல் தோல் இழுபட்டு மெலிந்து நிற்கும். அதற்கு அடியில் விரலை நீட்டும் டெண்டன் (தசையை எலும்போடு இணைக்கும் நாண்), அதற்கும் அடியில் மூட்டு. ஓங்கி முகத்தில் விடும் குத்தில் எதிராளியின் முன்பல் இந்த மூன்றையும் துளைத்துவிடும். சண்டை முடிந்து கையை விரித்ததும் டெண்டன் பின்னால் நகர்ந்து, மூட்டில் விழுந்த ஓட்டையைப் பூட்டுப்போட்டதுபோல் மூடிக்கொள்கிறது. எச்சிலில் இருந்த கிருமி உள்ளே, ஒரு சின்னக் கீறல் வெளியே. இரண்டொரு நாளில் சீழ் பிடித்தால், மூட்டின் குருத்தெலும்பை அரித்துவிடும். இந்தத் தம்பியின் எக்ஸ்ரேயில் ஒரு துணுக்குப் பல்லும் தெரிந்தது. ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோய் மூட்டைத் திறந்து இரண்டு முறை கழுவினோம்.

சினிமாவில் அடி வாங்குகிறவன்தான் விழுவான். அடிக்கிறவன் கைக்கு ஒன்றும் ஆகாது. 1973இல் வந்த 'என்டர் தி டிராகன்' எனக்கு மிகவும் பிடித்த பழிவாங்கும் படம், அதனால் உரிமையோடு சொல்கிறேன். ஹாங்காங்கில் சுமார் எட்டரை லட்சம் டாலரில் எடுத்தார்கள், ஹாலிவுட் கணக்கில் சில்லறைக் காசு. படம் முழுக்கக் கண்ணாடிதான். நாயகனின் சகோதரி வில்லனின் ஆட்களிடம் சிக்காமல் ஒரு கண்ணாடித் துண்டால் தன்னையே குத்திக்கொண்டு சாகிறாள். அதற்குக் காரணமான ஓ'ஹாரா, பின்னால் உடைந்த பாட்டில்களோடு நாயகன் மேல் பாய்கிறான். சண்டைப் படங்களுக்கென்று சர்க்கரைப் பாகில் வார்க்கும் போலி பாட்டில் அங்கே கிடைக்காமல், நிஜ பாட்டிலையே உடைத்திருக்கிறார்கள். ஒரு கணம் பிசகியதில் நாயகனாக நடித்த புரூஸ் லீயின் கை கிழிந்து தையல் போடவேண்டியதாயிற்று. அவ்வளவு பயிற்சி உள்ள, ஒத்திகை பார்த்த கை! ஓ'ஹாராவாக நடித்த பாப் வாலை லீ நிஜமாகவே பழிவாங்கப்போகிறார் என்று வதந்திகூடக் கிளம்பியது.

கிளைமாக்ஸில் அதே நாயகன் நிலைக்கண்ணாடிகளைக் குத்திக் குத்தி உடைப்பார். விரல் நுனியில் உணர்ச்சி இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. (ஒரு கை இல்லாத வில்லன் ஹான், அந்த இடத்தில் விதவிதமாக மாட்டிக்கொள்ளும் இரும்பு நகங்களைத் தொழில்முறையில் நான் ரசித்தேன் என்பது வேறு விஷயம்.)

என்னிடம் வருகிறவர்கள் குத்துவது பாத்ரூம் கண்ணாடி, பீரோ கண்ணாடி, ஜன்னல். கோபம் யார் மேலோ, குத்து கண்ணாடிக்கு. மணிக்கட்டில் இரண்டு சென்டிமீட்டர் காயம்தான் தெரியும். உள்ளே ரத்தக்குழாய், டெண்டன், நரம்பு மூன்றும் அறுந்திருக்கலாம். ஊரில் டெண்டனையும் 'நரம்பு' என்றே சொல்கிறோம், ஆனால் இரண்டும் வேறு. டெண்டன் அறுந்தால் விரல் மடங்காது. நரம்பு அறுந்தால் விரல் மரத்துப்போகும். தைத்துச் சேர்த்தாலும் நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் வீதம்தான் வளரும். மணிக்கட்டிலிருந்து விரல் நுனி வரை எத்தனை மாதம் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

கண்ணாடி வெட்டினால் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடித்து, கையை நெஞ்சுக்கு மேல் தூக்குங்கள். நின்றுவிட்டதா என்று நிமிஷத்துக்கொருமுறை திறந்து பார்க்க வேண்டாம். காப்பித்தூள், மஞ்சள்தூள் வேண்டவே வேண்டாம். அதைச் சுரண்டி எடுக்கவே எங்களுக்கு அரைமணி நேரம் போகிறது. குத்தி நிற்கும் துண்டைப் பிடுங்காதீர்கள். மோதிரத்தை வீங்குவதற்கு முன்பே கழற்றிவிடுங்கள். ரத்தம் நின்றாலும், ஒவ்வொரு விரல் நுனியும் தனித்தனியாக மடங்குகிறதா, தொட்டால் தெரிகிறதா என்று டாக்டர் பார்த்தாக வேண்டும்.

பல் பட்ட காயம் என்றால் அதை மறைக்காதீர்கள். போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று பயந்துதான் 'கேட்' கதை சொல்கிறார்கள். பதிவு செய்ய வேண்டியதை நாங்கள் பதிவு செய்வோம், உண்மைதான். ஆனால் கேட் என்று சொன்னால், ராத்திரி டியூட்டி டாக்டர் கழுவி, அழகாகத் தையல் போட்டு அனுப்பிவிடுவார். கடிகாயத்தைத் தைத்து மூடுவது கிருமிக்குக் கதவைச் சாத்திக் கொடுப்பதுபோல. அதைத் திறந்தே வைத்துக் கழுவி, சரியான ஆன்டிபயாடிக்கைக் கொடுத்து, மறுநாளே மறுபடி பார்க்க வேண்டும்.

அந்தத் தம்பி மூன்றாவது மாதம் பிசியோதெரபிக்கு வந்திருந்தார். நடுவிரல் முக்கால்வாசி மடங்குகிறது. பந்தை அழுத்திக்கொண்டே, "அவன் ஒரே வாரத்துல பல்லைக் கட்டிட்டான் டாக்டர்" என்றார்.